பேக்மேன் இடது பக்கம் திரும்பவில்லையா? பழைய ஆர்கேட் சுவிட்சுகளைப் பழுதுபார்க்கும் வழி

ஆர்கேட் என்பது காசு போட்டு ஆடும் விளையாட்டுப் பெட்டிகளின் கூடம். அங்கே புகழ்பெற்ற, 1980-இல் ஜப்பானின் நாம்கோ உருவாக்கிய வீடியோ விளையாட்டான பேக்மேனை அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் தயாரித்து விற்றது. ஆளுயரப் பெட்டி, நடுவில் ஒரே ஒரு ஜாய்ஸ்டிக். சுடுவதற்கோ குதிப்பதற்கோ பட்டன் எதுவும் கிடையாது. மேல், கீழ், இடம், வலம் என்று நாலு திசை. அந்த நாலு திசைக்கும் உள்ளே நாலு சுவிட்ச். நாற்பது ஆண்டுகளைத் தாண்டிய இந்தப் பெட்டிகளை இன்றும் சேகரிப்பவர்கள் ஓடவைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவற்றில் அடிக்கடி வரும் கோளாறு ஒன்று உண்டு. மூன்று திசையில் ஒழுங்காக ஓடும் பேக்மேன் இடது பக்கம் மட்டும் சில சமயம் திரும்புவான், சில சமயம் நேராகப் போய்ப் பேயிடம் மாட்டிக்கொள்வான்.

இதைப் பார்த்ததும் பலர் சுவிட்ச் உடைந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சிலர் மொத்த ஜாய்ஸ்டிக்கையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டுகிறார்கள். இரண்டுமே அவசரம். பழைய ஆர்கேட் சுவிட்சுகளில் பெரும்பாலானவை உடைவதில்லை. அழுக்குப் படிகிறது, தகடு வளைகிறது, ஒயர் விடுகிறது. இவற்றை வீட்டு மேசையிலேயே சரிசெய்யலாம். ஆனால் அந்தச் சுவிட்ச் உள்ளே என்ன வேலை செய்கிறது என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அது புரியாமல் கை வைத்தால், நல்ல சுவிட்சை நாமே கெடுத்துவிடுவோம்.

சுவிட்ச் சொல்லும் செய்தி

வீட்டில் ஃபேன் சுவிட்சைப் போட்டால் ஃபேனுக்குப் போகும் மின்சாரம் முழுக்க அந்தச் சுவிட்ச் வழியாகத்தான் ஓடுகிறது. ஆர்கேட் பட்டனில் அப்படி எதுவும் ஓடுவதில்லை. அது விளையாட்டு போர்டுக்கு, அதாவது ஆட்டத்தை நடத்தும் சிப்புகள் உள்ள மின்பலகைக்கு, ஒரு செய்தியைத்தான் சொல்கிறது: "அழுத்தியாயிற்று" அல்லது "அழுத்தவில்லை".

அந்தச் செய்தி போகும் விதம் எளிது. போர்டில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு உள்ளீட்டு ஒயர் உண்டு. அந்த ஒயரை ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) வழியாக 5 வோல்ட்டில் கட்டி வைத்திருப்பார்கள். யாரும் பட்டனைத் தொடாதபோது ஒயரில் 5 வோல்ட் நிற்கும். சுவிட்சின் மறுமுனை கிரவுண்டில், அதாவது பூஜ்ய வோல்ட்டில் இருக்கும். பட்டனை அழுத்தினால் ஒயர் கிரவுண்டோடு சேர்ந்து பூஜ்யத்துக்கு இறங்கும். போர்டு அந்த இறக்கத்தைப் பார்த்து "இடது பக்கம்" என்று எடுத்துக்கொள்கிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அந்த ரெசிஸ்டர் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பட்டனை அழுத்தும்போது சுவிட்ச் வழியாக ஓடுவது 5 மில்லிஆம்பியர்தான். 1970, 80-களின் போர்டுகளில் இருந்த டிடிஎல் வகைச் சிப்புகள் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். 2 வோல்ட்டுக்கு மேலே இருந்தால் ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். நடுவில் இருந்தால் எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சுவிட்சுக்குள் ஒன்றையொன்று தொடும் முனைகள் சுத்தமாக இருந்தால் அவற்றுக்கிடையிலான தடை ஒரு ஓமுக்கும் குறைவு. ஒயர் ஏறக்குறைய பூஜ்யத்துக்கே இறங்கிவிடும். முனைகளில் அழுக்குப் படிந்து தடை 190 ஓமுக்கு ஏறினால் ஒயர் 0.8 வோல்ட்டில் நின்றுவிடும். 500 ஓமுக்குப் போனால் 1.7 வோல்ட். அழுத்தியதா இல்லையா என்று சிப்புக்கே தெரியாத இடம் அது. "சில சமயம் திரும்புகிறது, சில சமயம் திரும்பவில்லை" என்ற கோளாறு பெரும்பாலும் பிறப்பது இங்கேதான்.

வீட்டு மின்சாரத்தில் இந்த அழுக்கு பெரிய சங்கடம் தராது. 230 வோல்ட்டும் சுவிட்ச் மூடும்போது தெறிக்கும் சிறு பொறியும் மெல்லிய படலத்தைத் துளைத்துவிடும். 5 வோல்ட்டுக்கும் சில மில்லிஆம்பியருக்கும் அந்தப் பலம் இல்லை. தாமிரத்தில் ஏறும் களிம்பு, வெள்ளி முனையில் ஏறும் கருமை, விரலிலிருந்து இறங்கும் எண்ணெய்ப் பிசுக்கு, சிகரெட் புகை படிந்த மஞ்சள் பூச்சு, எல்லாமே இந்தச் சிறு மின்னோட்டத்துக்குச் சுவர்தான். வெள்ளிக் கொலுசு காற்றில் கிடந்து கறுப்பதும் வெள்ளி முனை கறுப்பதும் ஒரே வேதியியல். காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. அதனால்தான் இந்த மாதிரிச் சிறு மின்னோட்டச் சுவிட்சுகளின் முனைகளுக்குத் தங்க முலாம் பூசும் வழக்கம் வந்தது. தங்கம் கறுக்காது.

இதில் முக்கியமான எச்சரிக்கை ஒன்று அடங்கியிருக்கிறது. முலாம் மிக மெல்லியது. அரத்தையோ உப்புத்தாளையோ வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தால் தங்கம் போய்விடும். அன்றைக்கு நன்றாக வேலை செய்யும், அடியில் இருக்கும் உலோகம் களிம்பேறியதும் முன்பைவிட மோசமாகிவிடும். "முனையை அரத்தால் தேய்" என்ற அறிவுரை, உருளும் இரும்புக் குண்டைத் துடுப்பால் அடித்து ஆடும் பின்பால் இயந்திரங்களிலிருந்து வந்தது. பழைய பின்பால்களில் அந்தத் துடுப்பை இயக்கும் ஃப்ளிப்பர் சுவிட்சுகள் பலமான மின்னோட்டத்தைத் தாங்குபவை, அவற்றின் முனைகள் டங்ஸ்டன். அங்கே பொறி பட்டுப் பள்ளம் விழும், அரம் போட்டுத்தான் ஆக வேண்டும். அந்தப் பழக்கத்தை வீடியோ விளையாட்டுப் பெட்டிக்குக் கொண்டுவரக் கூடாது.

கை வைக்கும் முன்

பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பட்டனில் இருப்பது 5 வோல்ட்தான் என்றாலும், அதே பெட்டிக்குள் மெயின்ஸ் மின்சாரம் திறந்த முனைகளில் ஓடும். பழைய பிக்சர் டியூபின் ஆனோடில் 20,000 வோல்ட் அளவுக்கு இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் அந்த மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். நின்று ஆடும் பெட்டிகளில், ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் பதித்த கன்ட்ரோல் பேனலைக் கொக்கி விடுவித்து முன்னால் மடக்கிவிடலாம், டியூப் பின்னால் தள்ளி இருக்கும். உட்கார்ந்து ஆடும் மேசை வகைகளில் டியூப் கைக்கு மிக அருகில் இருக்கும். அங்கே இரட்டைக் கவனம் வேண்டும். டியூபின் பின்கழுத்தையும், பக்கத்தில் ரப்பர் மூடியோடு சிவப்பு ஒயர் ஏறும் இடத்தையும் தொடவே வேண்டாம். சுவிட்ச் வேலைக்கு அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை.

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான்: மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர்கள், நோஸ் பிளேயர், சாலிடரிங் அயர்ன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கெட்டியான வெள்ளைக் காகிதம். விசிட்டிங் கார்டு அட்டை இதற்கு வெகு பொருத்தம். ஒயர் எதையும் கழற்றும் முன் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

லீஃப் சுவிட்ச்

1980-களின் முற்பகுதிவரை வந்த அமெரிக்க ஆர்கேட் பெட்டிகளில் பெரும்பாலும் இருந்தது லீஃப் சுவிட்ச். இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஸ்பிரிங் போல வளைந்து நிமிரும் தாமிரக் கலவையில் செய்தவை. அடிப்பக்கம் இரண்டையும் மின்சாரம் கடத்தாத துண்டுகளை நடுவில் வைத்து அடுக்கி, திருகு போட்டு இறுக்கியிருப்பார்கள். நுனியில் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு குமிழ், அதுதான் காண்டாக்ட். பட்டனின் தண்டோ ஜாய்ஸ்டிக்கின் அடிப்பகுதியோ நீளத் தகட்டைத் தள்ளும். அது போய்க் குட்டைத் தகட்டைத் தொடும். அவ்வளவுதான் மொத்த இயந்திரமும். உள்ளே மறைந்திருப்பது எதுவும் இல்லை. அதனாலேயே புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. கண்ணால் பார்த்தே கோளாறைக் கண்டுபிடிக்கலாம்.

முதலில் திருகுகளை இறுக்குங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் வரிசை முக்கியம். ஆண்டுக்கணக்கான அதிர்வில் அடுக்கின் திருகுகள் தளர்ந்திருக்கும். தளர்ந்த நிலையில் தகட்டை வளைத்துச் சரிபார்த்துவிட்டு அப்புறம் திருகை இறுக்கினால் எல்லாம் மறுபடி இடம் மாறிவிடும்.

அடுத்தது சுத்தம். காகிதத்தை ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கி, நுனியில் ஆல்கஹால் தொட்டு, இரண்டு குமிழ்களுக்கும் நடுவில் நுழையுங்கள். தகடுகளை விரலால் லேசாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு காகிதத்தை வெளியே இழுங்கள். முதல் இழுப்பில் காகிதத்தில் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு கோடு விழும். இத்தனை நாள் இடது பக்கத்தைத் தடுத்துக்கொண்டிருந்தது அந்தக் கோடுதான். காகிதத்தின் சுத்தமான இடத்தை மாற்றி மாற்றி, கோடு விழுவது நிற்கும் வரைக்கும் இழுங்கள். கடைசியில் ஒருமுறை உலர்ந்த காகிதத்தால் இழுத்து, நார் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை மட்டும் இதில் அடித்துவிடாதீர்கள். மிஞ்சும் பிசுக்கில் தூசி ஒட்டி, சீக்கிரமே பழைய நிலை வந்துவிடும்.

மூன்றாவது இடைவெளி. அழுத்தாத நிலையில் குமிழ்களுக்கு நடுவில் ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதைவிட முக்கியம், தொட்ட பிறகு நடப்பது. பட்டனை மெதுவாக அழுத்திக்கொண்டே பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நீளத் தகடு வந்து குட்டைத் தகட்டைத் தொட்டதும் நின்றுவிடக் கூடாது. குட்டைத் தகட்டையும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அப்படித் தள்ளும்போது இரண்டு குமிழ்களும் ஒன்றின்மேல் ஒன்று சற்றே உராயும். அந்த உராய்வுதான் ஒவ்வோர் அழுத்தலிலும் படலத்தைத் துடைத்து முனையைச் சுத்தமாக வைத்திருக்கிறது. தொட்டவுடன் நிற்கும்படி வைத்த சுவிட்ச் இன்றைக்கு வேலை செய்யும், சில மாதத்தில் மறுபடி அழுக்கேறும். லீஃப் சுவிட்ச் வேலையில் தெரிந்துகொள்ள வேண்டிய நுட்பம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், இதைத்தான் சொல்வேன்.

வளைக்க வேண்டியது குட்டைத் தகட்டை. நீளத் தகடு ஜாய்ஸ்டிக்கோடு சேர்ந்து இயங்குவது. அதை வளைத்தால் கையில் படும் அழுத்தமே மாறிவிடும். அடுக்குக்குப் பக்கத்தில், வேர்ப் பகுதியில் நோஸ் பிளேயரால் பிடித்து, மிகக் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். நடுவில் மடக்கினால் தகட்டில் கூரான முறிவு விழும். திரும்பத் திரும்ப வளையும்போது அந்த இடத்தில்தான் தகடு ஒடியும். பின்பால்காரர்கள் இதற்கென்றே நுனியில் பிளவு வைத்த கம்பி ஒன்று வைத்திருப்பார்கள். தகட்டில் மாட்டித் திருப்பினால் போதும்.

ஒடிந்த தகட்டை ஒட்டவைக்க முடியாது. அந்தச் சுவிட்சை மாற்றத்தான் வேண்டும். பின்பால் தொழில் இன்னும் உயிரோடு இருப்பதால் புதிய லீஃப் சுவிட்சுகள் இன்றும் கிடைக்கின்றன. பற்றவைக்கும்போது அயர்னை அதிக நேரம் வைக்காதீர்கள். சூடு தகட்டின் வழியாக இறங்கி அடுக்கில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டை உருக்கிவிடும்.

நாலு சுவிட்சில் எட்டுத் திசை

1982-இல் வில்லியம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ரோபோட்ரான் 2084-இல் இரண்டு ஜாய்ஸ்டிக்குகள். இடது கை ஓடுவதற்கு, வலது கை சுடுவதற்கு. இரண்டும் எட்டுத் திசை. ஆனால் ஒவ்வொன்றிலும் இருப்பது நாலே சுவிட்ச். மேலுக்கும் வலத்துக்கும் நடுவில் குச்சியைச் சாய்த்தால் இரண்டு சுவிட்சும் சேர்ந்து மூடும். போர்டு அதை மூலைத்திசை என்று புரிந்துகொள்ளும்.

இங்கே இடைவெளியின் முக்கியம் இன்னும் தெளிவாகத் தெரியும். நாலில் ஒன்றின் இடைவெளி மட்டும் அதிகமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராகச் சாய்த்தால் அந்தத் திசை வேலை செய்யும். குச்சி கடைசிவரை போவதால் எப்படியோ மூடிவிடும். மூலைக்குச் சாய்க்கும்போது அந்தப் பக்கம் குச்சி போகும் தூரம் குறைவு. சுவிட்ச் மூடாது. ஆடுபவருக்கு மேல்-வலது மூலை கைக்கு அகப்படவே அகப்படாது. சுற்றி நின்று ரோபோக்கள் நெருக்கும் விளையாட்டில் ஒரு மூலை இல்லாவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. நாலு இடைவெளிகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு கனமான அட்டையை அளவுகோலாக வைத்து நாலையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

பேக்மேனுக்கு எதிர்மாறான பிரச்சினை. அது நாலு திசை விளையாட்டு. குச்சி மூலைக்குப் போகாமல் தடுக்க அடியில் ஒரு தடுப்பு இருக்கும். அந்தத் தடுப்பு தேய்ந்தாலோ, யாராவது எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கை மாட்டியிருந்தாலோ, திருப்பத்தில் ஒரே நேரம் இரண்டு திசைச் செய்தி போகும், பேக்மேன் தடுமாறுவான். சுவிட்ச் நாலும் நன்றாக இருந்தும் ஆட்டம் சரியில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

மைக்ரோ சுவிட்ச்

இன்னொரு குடும்பம், அழுத்தினால் "டிக்" என்று சத்தம் போடும் சிறு கறுப்புப் பெட்டி. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஃப்ரீபோர்ட் என்ற ஊரைச் சேர்ந்த ஃபிலிப் மெக்கால் 1932-இல் உருவாக்கிய யோசனை இது. உள்ளே ஒரு சிறு ஸ்பிரிங் பட்டை. தண்டை எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் ஒரு குறிப்பிட்ட புள்ளியைத் தாண்டியதும் பட்டை தானாகவே சட்டென்று மறுபக்கம் துள்ளும். அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் நிலையே இதில் கிடையாது. தூசி எளிதில் புகாத மூடிய பெட்டி, இடைவெளி சரிசெய்யும் வேலையும் இல்லை. ஆர்கேட் நடத்தியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. 1991-இல் கேப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்து ஆறு பட்டன் பேனல்கள் பரவிய காலத்தில் மைக்ரோ சுவிட்சுகளே வழக்கமாகிவிட்டிருந்தன.

இதைத் திறந்து பழுதுபார்ப்பது வீண் வேலை என்பது என் கருத்து. மாற்றிவிடுவதுதான் சரி. விலையும் குறைவு. பெரும்பாலான அமெரிக்க ஆர்கேட் பட்டன்களில் இருக்கும் பெரிய வகை 27.8 மில்லிமீட்டர் நீளம், 15.9 மில்லிமீட்டர் உயரம், 10.3 மில்லிமீட்டர் தடிமன். உலகம் முழுக்கப் பொதுவான அளவு அது. மைக்ரோவேவ் அடுப்பின் கதவுக்குள் இருப்பதும் இதே உருவம்தான். சென்னை ரிச்சி தெருவில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

வாங்கும்போது மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, மேலே பட்டன் போலத் தண்டு மட்டும் இருக்கிறதா, நீண்ட நெம்புத் தகடு இருக்கிறதா என்பது. கழற்றியது எப்படியோ அப்படியே வாங்குங்கள். இரண்டாவது, ஒயர் மாட்டும் காதுகளின் அகலம். 4.8 மில்லிமீட்டர் வகையும் 6.3 மில்லிமீட்டர் வகையும் உண்டு. சின்னக் காதில் பெரிய கிளிப்பை மாட்டினால் லொடலொட என்று ஆடும். புதுச் சுவிட்ச் போட்டும் பழைய கோளாறு தொடரும்.

மூன்றாவதைத்தான் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். சுவிட்சின் உடம்பில் 16 ஆம்பியர் என்றோ 0.1 ஆம்பியர் என்றோ எழுதியிருக்கும். 16 ஆம்பியர்தான் உறுதியானது என்று நினைத்து எடுப்பார்கள். அது அடுப்புக்கும் மோட்டாருக்கும் பொருத்தமானது; முனை வெள்ளிக் கலவை, அதைச் சுத்தமாக வைத்திருக்க ஓரளவு மின்னோட்டம் ஓட வேண்டும். 5 மில்லிஆம்பியரில் அது மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டே போகும். 0.1 ஆம்பியர் என்று போட்டிருப்பது சிறு மின்னோட்டத்துக்கென்றே செய்தது, முனையில் தங்கம் இருக்கும். நம் வேலைக்கு உகந்தது அதுதான். கிடைக்காவிட்டால் மற்றதும் வேலை செய்யும், ஆயுள்தான் குறையும்.

மாட்டும்போது மூன்று காதுகள் இருக்கும். காம் என்பது பொது முனை. என்.ஓ. என்பது சாதாரணமாகத் திறந்திருப்பது. என்.சி. என்பது சாதாரணமாக மூடியிருப்பது. ஆர்கேட் பட்டனுக்கு வேண்டியது காமும் என்.ஓ.வும். தவறி என்.சி.யில் மாட்டினால் யாரும் தொடாமலேயே பேக்மேன் இடது பக்கம் ஓடிக்கொண்டிருப்பான், குச்சியைச் சாய்த்தால் நின்றுவிடுவான். இப்படி ஏட்டிக்குப் போட்டியாக நடந்தால் ஒயரை ஒரு காது தள்ளி மாட்டினால் தீர்ந்தது.

கோளாறு சுவிட்சில்தானா?

பட்டன் வேலை செய்யவில்லை என்றதும் அதைக் கழற்ற ஓடாதீர்கள். முதலில் எத்தனை பட்டன் வேலை செய்யவில்லை என்று பாருங்கள். கிரவுண்ட் ஒயரை எல்லாப் பட்டன்களுக்கும் தனித்தனியாகப் போட்டிருக்க மாட்டார்கள். ஒரு பட்டனிலிருந்து அடுத்ததுக்கு, அங்கிருந்து அடுத்ததுக்கு என்று சங்கிலியாகப் போகும். நடுவில் ஒரு இடத்தில் விட்டால் அதற்கு அப்பால் உள்ள அத்தனையும் ஒரே நேரத்தில் செத்துப்போகும். மூன்று பட்டன் ஒன்றாக நின்றால் மூன்று சுவிட்சும் ஒரே நாளில் கெட்டது என்று நம்புவதைவிட, நடுவில் ஒரு ஒயர் விட்டது என்று தேடுவது புத்திசாலித்தனம்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு இது இன்னும் பொருந்தும். 1985-இல் ஜப்பானில் வந்த ஜாமா என்ற ஒயர் வரிசைத் தரத்தில், 56 முனை கொண்ட கனெக்டரில், ஒரு ஆட்டக்காரருக்கு மூன்று பட்டனுக்குத்தான் இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் மூன்று குத்து, மூன்று உதை. குத்துகள் ஜாமா வழியாகப் போகும், உதைகளுக்குத் தனியாக ஒரு கனெக்டர். குத்து எல்லாம் விழுகிறது, உதை ஒன்றுகூட விழவில்லை என்றால் பேனலைத் திறக்கவே வேண்டாம். போர்டில் அந்தத் தனிக் கனெக்டர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே ஒரு பட்டன்தான் என்றால் அடுத்த சோதனை. இதற்கு மட்டும் மின்சாரம் ஓட வேண்டும். பேனலை மடக்கி, பெட்டிக்குள் வேறெதையும் தொடாமல், சுவிட்சின் தண்டை நேரடியாக விரலால் அழுத்துங்கள். விளையாட்டு பதில் சொல்கிறதா? அப்படியானால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது, அதைத் தள்ள வேண்டிய பிளாஸ்டிக் தேய்ந்துவிட்டது. பழைய ஜாய்ஸ்டிக்குகளின் அடியில் இருக்கும் தள்ளுப் பகுதி ஆண்டுக்கணக்கில் உராய்ந்து தேயும். சுவிட்சை எத்தனை முறை மாற்றினாலும் அது சரியாகாது. பல போர்டுகளில், காசுக் கதவுக்கு உள்ளே இருக்கும் டெஸ்ட் சுவிட்சைப் போட்டால் எந்தப் பட்டன் அழுந்துகிறது என்று திரையிலேயே காட்டும். விளையாடிப் பார்த்துச் சோதிப்பதைவிட அது மேல்.

விரலால் அழுத்தியும் பதில் இல்லையென்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மல்டிமீட்டரை எடுங்கள். போர்டுக்குப் போகும் ஒயரைச் சுவிட்சிலிருந்து கழற்றிவிட்டு அளக்க வேண்டும், இல்லாவிட்டால் போர்டின் தடையும் சேர்ந்து வரும். பலர் "பீப்" சத்தம் வந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பீப் போதாது. பல மீட்டர்கள் சில பத்து ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். ஓம் அளவில் வைத்து எண்ணைப் பாருங்கள். அழுத்திப் பிடித்திருக்கும்போது ஒரு ஓமுக்குக் கீழே அசையாமல் நிற்க வேண்டும். எண் 5, 80, 300 என்று தாவிக்கொண்டிருந்தால் அழுக்கு. எதுவுமே காட்டாவிட்டால் தகடு தொடவில்லை அல்லது உள்ளே முறிந்திருக்கிறது. எண் நன்றாக இருந்தால் சுவிட்சை விட்டுவிட்டு ஒயரைத் தொடருங்கள்.

ஒயர் முறிவதற்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு: ஈயம் பற்றவைத்த இடத்துக்குச் சற்று மேலே. ஈயம் ஏறி விறைத்த பகுதியும் நெகிழ்ந்த பகுதியும் சேருமிடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளி உறை முழுசாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஒயரை மெல்ல ஆட்டிக்கொண்டே மீட்டரைப் பார்த்தால் பிடிபட்டுவிடும். முறிந்த நுனியை நறுக்கி, புதிதாகச் சீவிப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, கொஞ்சம் தளர்வாக ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள். பேனலைத் திறந்து மூடும்போது இழுவை அந்த வளைவில் விழ வேண்டும், பற்றவைத்த இடத்தில் விழக் கூடாது.

லீஃபை மைக்ரோவாக மாற்றலாமா?

இந்தக் கேள்வி புதியவர்கள் எல்லோருக்கும் வரும். மாற்றும் வசதியோடு பட்டன்கள் கிடைக்கின்றன, பராமரிப்பும் குறையும். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காரணம் கையில் இருக்கிறது. மைக்ரோ சுவிட்ச் மூடும் புள்ளியும் திறக்கும் புள்ளியும் வேறு வேறு. அழுத்திய பிறகு ஓரளவு மேலே விட்டால்தான் அடுத்த அழுத்தல் கணக்கில் வரும். லீஃபில் அந்த இரண்டு புள்ளியும் ஏறக்குறைய ஒன்றே. நன்றாக அமைத்த லீஃப் பட்டனில் விரல் நுனியின் சிறு அசைவே அடுத்த குண்டைச் சுட்டுவிடும். 1979-இல் அடாரி வெளியிட்ட ஆஸ்டராய்ட்ஸில் ஜாய்ஸ்டிக்கே இல்லை. இடம் திரும்ப, வலம் திரும்ப, முன்னே போக, சுட, மறைந்து தோன்ற என்று ஐந்து பட்டன். விண்கலம் எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்பது விரல் எவ்வளவு நுணுக்கமாகத் தட்டுகிறது என்பதைப் பொறுத்தது. அந்தப் பெட்டியில் "டிக் டிக்" பட்டனைப் போட்டால் விளையாட்டு ஓடும், ஆனால் 1979-இல் ஆடிய விளையாட்டாக இருக்காது. பழைய பெட்டியை வைத்திருப்பதே அந்த ஆட்டத்துக்காகத்தான் என்று நினைப்பவன் நான்.

லீஃப் பட்டன்கள் நோஞ்சான் என்ற பேச்சுக்கும் அவ்வளவு ஆதாரம் இல்லை. கொனாமியின் 1983-ஆம் ஆண்டு விளையாட்டான ட்ராக் அண்ட் ஃபீல்டில் இரண்டு பட்டன்களை மாறி மாறி எவ்வளவு வேகமாகத் தட்டுகிறோமோ அவ்வளவு வேகமாக வீரன் ஓடுவான். விரல் போதாமல் பென்சிலையும் ஸ்கேலையும் வைத்து அடித்தார்கள். அந்த மாதிரி அடிக்கு எந்தச் சுவிட்சும் தாங்காது. சாதாரணமாக ஆடும் வீட்டில், சுத்தமாகவும் சரியான இடைவெளியிலும் இருக்கும் லீஃப் சுவிட்ச் ஆண்டுக்கணக்கில் ஓடும்.

பட்டன்களையும் ஜாய்ஸ்டிக்கையும் தாண்டி, எல்லாக் கட்டுப்பாட்டுக்குள்ளும் சுவிட்ச் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 1980-இன் மிஸைல் கமாண்டில் உருளும் பந்தும் 1981-இன் டெம்பெஸ்டில் சுற்றும் குமிழும் ஒளியால் வேலை செய்பவை. பற்கள் வெட்டிய சக்கரம் ஒளியை மறைத்து மறைத்து விடுவதைப் போர்டு எண்ணும். அங்கே ஆல்கஹால் காகிதத்துக்கு வேலை இல்லை; சக்கரத்தின் தூசியையும் பேரிங்கையும் பார்க்க வேண்டும்.

எல்லாம் முடிந்து பேனலை மூடும் முன், எந்த ஒயரும் மரச்சட்டத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் நசுங்கவில்லை என்று பாருங்கள். குச்சியை நாலு பக்கமும் சாய்த்து, நாலு மூலைக்கும் தள்ளி, தகடுகள் பக்கத்துத் தகட்டில் உரசாமல் தனித்தனியே இயங்குகின்றனவா என்று ஒருமுறை கவனியுங்கள். புதிதாக வளைத்த தகடு கொஞ்ச நாளில் சற்றுத் தளரும். ஒரு வாரம் ஆடிய பிறகு பேனலைத் திறந்து இடைவெளியை மறுபடி பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் ஒரு சிறு திருப்புத் திருப்பிவிடுங்கள்.